மித்தி ஆற்றை வளைத்தவர்கள் யார்?

புது தில்லி: நாடாளுமன்றத்தின் மழைக்காலக் கூட்டத்தொடர் நடைபெறும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் எழுப்பப்படும் கேள்விகளுள் ஒன்று நகர வெள்ளம் பற்றியது. அதற்குத் தரப்படும் பதிலும் ஏறத்தாழ மாறாதது. வெள்ள மேலாண்மையும் வடிகாலும் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மத்திய அரசு தொழில்நுட்ப ஆலோசனையும் நிதியுதவியும் மட்டுமே வழங்குகிறது என்பதே அந்தப் பதில். அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி அது சரியான பதில்தான். ஆனால் முழுமையான பதிலா என்பதே கேள்வி. மும்பையின் மித்தி ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் அந்தப் பதிலின் பாதி உண்மை வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி. நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த நேரம். மும்பை சாந்தாகுரூஸ் வானிலை ஆய்வு மையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. பிற்பகலில் ஒரு மணி நேரத்தில் மட்டும் 190 மி.மீ. கொட்டித் தீர்த்தது. அதே நாளில் தென்மும்பையின் கொலாபாவில் பெய்தது 70 மி.மீட்டரைச் சற்றே தாண்டிய மழைதான். மழை உச்சத்தில் இருந்த அதே பிற்பகலில் கடலிலும் ஓதம் ஏறி நின்றது. மித்தியின் நீர் கடலுக்குள் செல்ல வழியின்றிக் குர்லாவிலும் சியோனிலும் கலீனாவிலும் வீடுகளுக்குள் புகுந்தது. மாநகரில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நாட்டின் நிதித் தலைநகரம் ஒரே பிற்பகலில் முடங்கிப்போனது.

அந்த நாளுக்குப் பின் மித்தி ஆற்றுக்காக ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிடப்பட்டுள்ளது. ஆயினும் 2017 ஆகஸ்டிலும் 2019 ஜூலையிலும் நகரம் மூழ்கியது. 2025 ஆகஸ்டில் மித்தி மீண்டும் அபாய அளவை எட்ட, குர்லாவின் கரையோரக் குடியிருப்புகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். செலவு நடந்திருக்கிறது, வேலையும் நடந்திருக்கிறது. எனினும் வெள்ளம் ஏன் மறுபடியும் அதே தெருக்களுக்கு வருகிறது?

ஓர் ஆறு, பல எசமானர்கள்

மித்தி பெரிய ஆறன்று. விகார், பவாய் ஏரிகளிலிருந்து வழியும் நீரைக் கொண்டு தொடங்கி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, மாஹிம் கழிமுகம் வழியாக அரபிக் கடலில் கலக்கிறது. அதன் வடிநிலப் பரப்பு சுமார் 73 சதுர கிலோமீட்டர். நம் ஊர்க் கணக்கில் இது ஒரு நடுத்தர ஓடை. கடைசிச் சில கிலோமீட்டர்களில் கடலின் ஏற்றமும் வற்றமும் ஆற்றுக்குள் நாள்தோறும் இரண்டு முறை வந்து போகின்றன. அதாவது, கீழ்ப்பகுதியில் அது ஆறாக மட்டுமின்றிக் கடலின் ஒரு கையாகவும் இருக்கிறது.

இந்தச் சிறிய நீர்வழியின்மீது நகரம் ஏற்றிவைத்த சுமைதான் பெரிது. விமான நிலைய விரிவாக்கத்துக்காக ஆறு திசை திருப்பப்பட்டது. இயல்பாக நெளிந்து சென்ற நீர், ஓடுபாதையின் அடியில் புகுந்தும் ஏறத்தாழச் செங்கோணமாகத் திரும்பியும் செல்ல வேண்டியதாயிற்று. 1970-களின் பிற்பகுதியிலிருந்து கரையோரச் சதுப்பு நிலத்தை மேடாக்கிப் பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் எழுந்தது. முகத்துவாரத்தின் அருகே கடல் பாலத்துக்காக நிலம் மீட்கப்பட்டது. ரயில் பாலங்களும் சாலைப் பாலங்களும் ஆற்றின் அகலத்தை இடைமறித்தன. இவற்றுக்கிடையே எஞ்சிய கரையில், வேறெங்கும் இடம் கிடைக்காத ஏழைகள் குடிசை போட்டனர். சிறுதொழிற்கூடங்களின் கழிவும் வீட்டுச் சாக்கடையும் ஆற்றில் விழுந்தன.

வெள்ளம் வந்தபின் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டவர்கள் குடிசைவாசிகள். ஆயிரக்கணக்கான குடிசைகள் அகற்றப்பட்டன. ஆற்றின் நீரோட்டத்துக்குத் தடையாக இருந்த எதையும் அகற்றத்தான் வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஆற்றை வளைத்தது குடிசை அல்ல. திட்டமிட்டு, ஒப்புதல் பெற்று, அரசு அமைப்புகளே செய்த வேலை அது. ஓடுபாதையும் வணிக வளாகமும் இருந்த இடத்தில் இருக்க, குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு என்று பெயர் பெற்றது.

கடலைவிடத் தாழ்ந்த வடிகால்

மும்பையின் மழைநீர் வடிகால்கள் நூறாண்டுக்கும் மேல் பழமையானவை. மணிக்கு 25 மி.மீ. மழையை, அதுவும் கடல் வற்றி இருக்கும் நேரத்தில், வெளியேற்றும் அளவுக்கே அவை வடிவமைக்கப்பட்டன. பெய்யும் மழையில் பாதி மண்ணுக்குள் இறங்கிவிடும் என்பது அன்றைய பொறியாளர்களின் கணக்கு. மண் இருந்த காலத்தில் அந்தக் கணக்கு பிழையன்று. இன்று சிமெண்டும் தாரும் மூடிய நகரத்தில் பெய்த மழையில் பெரும்பங்கு உடனடியாக வடிகாலைத் தேடி ஓடுகிறது.

1985-ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் மாநகராட்சி ஓர் ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. 'பிரிம்ஸ்டோவாட்' என்று அழைக்கப்படும் அந்த அறிக்கை 1993-ல் தயாரானது. வடிகால்களின் திறனை மணிக்கு 50 மி.மீட்டராக இரட்டிப்பாக்க வேண்டும், கடலோரத்தில் நீரேற்று நிலையங்கள் அமைக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. சுமார் 600 கோடி ரூபாயில் முடிந்திருக்கக்கூடிய வேலை, பணமில்லை என்ற காரணத்தால் பன்னிரண்டு ஆண்டுகள் கோப்பில் உறங்கியது. 2005-ல் நகரம் மூழ்கிய பிறகே தூசு தட்டப்பட்டது. 2007-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபோது மதிப்பீடு சுமார் 1,200 கோடி ரூபாயாகியிருந்தது. பின்னர் அதுவும் பன்மடங்கு பெருகியது.

மாதவராவ் சித்தளே தலைமையிலான உண்மை அறியும் குழு 2006-ல் அளித்த அறிக்கையில் ஒரு புள்ளிவிவரம் உண்டு. நகரின் 186 வடிகால் வாய்களில் 45, சராசரிக் கடல் மட்டத்துக்கும் கீழே இருந்தன. 135 வாய்கள் சராசரி மட்டத்துக்கு மேலே, ஆனால் உயர் ஓத மட்டத்துக்குக் கீழே இருந்தன. கடல் முழுமையாக ஏறி நிற்கும்போதும் திறந்தே இருக்கக்கூடியவை வெறும் ஆறு! கடல் ஏறியிருக்கும் சில மணி நேரத்தில் மழை கொட்டினால், நகரத்தின் வடிகால் அமைப்பு ஏறத்தாழ முழுவதுமே மூடப்பட்ட குழாய்தான். மித்தியின் கதையைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

எந்த மருந்து எந்த நோய்க்கு?

2005-க்குப் பின் மேற்கொள்ளப்பட்ட பொறியியல் பணிகளை வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆற்றை அகலப்படுத்தியதும் ஆழப்படுத்தியதும் நீர் கொள்ளும் திறனைக் கூட்டின. ஆனால் ஒவ்வொரு தீர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைச் சொல்லாமல் திட்டத்தை மட்டும் அறிவிப்பதுதான் நம் நகரங்களின் நோய்.

முதலாவது, ஆழப்படுத்துதல். கடலின் ஏற்றம் எட்டாத மேற்பகுதியில் இது பயன் தரும். ஆனால் கழிமுகத்தில் கடல் மட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தப் பள்ளத்தில் முன்கூட்டியே நிற்கப்போவது கடல்நீர்தான். அடுத்த பருவத்துக்குள் வண்டலும் கழிவும் அதை மீண்டும் நிரப்பிவிடும்.

இரண்டாவது, கரைச்சுவர். ஆற்றுநீர் தெருவுக்குள் வராமல் சுவர் தடுக்கும். தெருவில் பெய்த மழைநீர் ஆற்றுக்குள் போகாமலும் அதே சுவர் தடுக்கும். சுவரில் ஒருவழி மதகும், மதகின் பின்னால் நீர் தங்க இடமும், அதை இறைக்கப் பம்பும் இருந்தால்தான் சுவர் காப்பு. இல்லையேல் அது தொட்டியின் விளிம்பு.

மூன்றாவது, நீரேற்று நிலையம். பிரிம்ஸ்டோவாட் திட்டத்தில் எட்டு நிலையங்கள் முன்மொழியப்பட்டன. ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ், கிளீவ்லாந்து பந்தர், பிரிட்டானியா, கஜ்தர்பந்த் ஆகிய ஆறும் செயல்பாட்டுக்கு வந்தன. ஆறாவதான கஜ்தர்பந்த் வந்தது 2019-ல்தான். மோக்ரா, மாஹுல் ஆகிய இரண்டும் நிலச் சிக்கலால் ஆண்டுக்கணக்கில் தாமதமாயின. இந்த நிலையங்களில் ஒரு பம்பு விநாடிக்குச் சுமார் 6,000 லிட்டர் நீரை வெளியேற்றும். தாழ்வான ஒரு பேட்டையைக் காக்க இது மிகவும் பயனுள்ள ஏற்பாடு. ஆனால் மித்தியின் 73 சதுர கிலோமீட்டர் வடிநிலத்தில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்து அத்தனையும் ஓடிவந்தால், விநாடிக்கு ஏறத்தாழப் பத்து லட்சம் லிட்டர் நீர் வரும். நமக்குப் பழகிய கணக்கில் சுமார் 36,000 கன அடி. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்டதாக அறிவிக்கப்பட்ட 29,000 கன அடியைவிட இது அதிகம். இதை இறைத்து வெளியேற்ற நூற்றறுபதுக்கும் மேற்பட்ட பம்புகள் வேண்டும். ஆற்றை இறைத்துவிட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

நான்காவது, நீரைத் தேக்கி வைத்து, கடல் வற்றியபின் விடுவது. மும்பையில் ஆண்டுதோறும் மூழ்கும் ஹிந்துமாதா பகுதிக்காகத் தாதரிலும் பரேலிலும் மைதானங்களின் அடியில் நிலத்தடித் தொட்டிகள் அமைக்கப்பட்டன. கோலாலம்பூரில் 2007-ல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் சுரங்கம், சாதாரண நாள்களில் சாலையாகவும் பெருமழையின்போது வெள்ளக் கால்வாயாகவும் பயன்படுகிறது. தோக்கியோவுக்கு வடக்கே நிலத்தடியில் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் நீளமுள்ள வெள்ளநீர்ச் சுரங்கம் 2006-ல் நிறைவுற்றது. பொறியியலால் முடியாதது அல்ல. ஆனால் செலவு மிக அதிகம்.

இங்கேதான் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 944 மி.மீ. மழை மித்தியின் வடிநிலம் முழுவதும் ஒரே சீராகப் பெய்ததாக வைத்துக்கொண்டால், அன்று விழுந்த நீர் சுமார் 2.4 டி.எம்.சி. அதாவது, செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்கு. எந்த நகரமும் இவ்வளவு நீருக்குத் தொட்டி கட்ட முடியாது. ஆனால் இந்த நீரில் ஒரு பகுதியைச் சில மணி நேரம் தாங்கிப் பிடித்து, கடல் வற்றியபின் மெல்ல விடும் தொட்டியை இயற்கை இலவசமாகவே கட்டிக் கொடுத்திருந்தது. அலையாத்திக் காடுகளும் சதுப்பு நிலங்களும் உப்பளங்களுமே அவை. கோடிகள் கொட்டிச் சிறு தொட்டிகள் கட்டும் அதே நகரம், பெரிய தொட்டிகளை மண் கொட்டி மூடியது.

தூர்வாருதல் என்னும் ஆண்டுச் சடங்கு

எந்தத் தீர்வானாலும் பராமரிப்பு இன்றி நிற்காது. ஒவ்வொரு கோடையிலும் மித்தியில் தூர்வாரும் பணிக்கு ஒப்பந்தம் விடப்படுகிறது. எத்தனை டன் வண்டல் அள்ளப்பட்டது, எத்தனை லாரிகள் ஓடின, எங்கே கொட்டப்பட்டது என்பதை மழை தொடங்கியபின் யாரும் சரிபார்க்க முடியாது. வெள்ளம் வந்தால் பழி மழையின் மேல். வராவிட்டால் பெருமை ஒப்பந்ததாரருக்கு. 2025-ல் மும்பை காவல்துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு, இந்தப் பணியில் சுமார் 65 கோடி ரூபாய் அளவுக்கு முறைகேடு நடந்ததாக வழக்குப் பதிவு செய்தது. அது நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டிய குற்றச்சாட்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆற்றின் அடியில் நடக்கும் வேலைக்குக் கண்ணுக்குத் தெரியும் அளவீடு வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ள, நீதிமன்றத் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தில்லிக்கு என்ன பங்கு?

இப்போது நாடாளுமன்றத்தில் தரப்படும் அந்தப் பதிலுக்குத் திரும்புவோம். வடிகால் மாநிலப் பொறுப்பு என்கிறது மத்திய அரசு. ஆனால் மித்தியின் பாதையில் வரும் விமான நிலையத்தின் நிலம் யாருடையது? ஆற்றின்மீதுள்ள ரயில் பாலங்கள் யாருடையவை? கிழக்கு மும்பையின் உப்பளங்களில் பெரும்பகுதி யாருக்குச் சொந்தம்? கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை 1991-லும் 2011-லும் 2019-லும் வெளியிட்டது யார்? அனைத்துக்கும் பதில் மத்திய அரசு என்பதுதான். நிலம் தில்லிக்கு, நீர் மாநிலத்துக்கு என்று பங்கு பிரித்துக்கொள்ள முடியாது.

மாநிலத்துக்குள்ளும் இதே நிலைதான். மித்தியின் மேல்பகுதியை மாநகராட்சியும், குர்லாவுக்குக் கீழே கடல் வரையிலான பகுதியைப் பெருநகர வளர்ச்சி ஆணையமும் பார்த்துக்கொள்வது என்று பிரிக்கப்பட்டது. 2005-லேயே மித்திக்கென ஓர் ஆணையம் அமைக்கப்பட்டும், வெள்ளம் வந்த நாளில் பொறுப்பேற்க ஒரு கை நீளவில்லை.

2024-ல் தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாக, கிழக்குப் புறநகரில் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தைக் குடியிருப்புக்காக ஒதுக்க முடிவு செய்யப்பட்டது. தாராவி, மித்தியின் கழிமுகத்தை ஒட்டியே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பிற தென்மாவட்டங்களிலிருந்தும் தலைமுறைகளுக்கு முன் சென்று குடியேறிய தமிழர்கள் அங்கு பெருந்தொகையில் வாழ்கின்றனர். அவர்களுக்கு நல்ல வீடு வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஆனால் ஒரு கழிமுகத்தின் ஓரத்தில் மழைதோறும் நனைந்தவர்களை மற்றொரு தாழ்நிலத்துக்கு அனுப்புவது மறுவாழ்வு ஆகுமா? அந்த நிலம் வெள்ளநீரைத் தாங்கும் அளவு எவ்வளவு, அதை மேடாக்கினால் அந்த நீர் எங்கே போகும் என்ற கணக்கை வெளியிட்ட பின்னரே ஒரு கூடை மண் கொட்டப்பட வேண்டும். நாடாளுமன்றத்தில் தமிழக உறுப்பினர்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

தில்லியும் பாடம் சொல்லும் தகுதியில் இல்லை. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் என்ற உச்சத்தைத் தொட்டபோது, ஐ.டி.ஓ. தடுப்பணையின் சில மதகுகள் வண்டலில் சிக்கித் திறக்க மறுத்தன. இந்திரப்பிரஸ்தம் அருகே வடிகாலின் மதகு உடைந்து, ஆற்றுநீர் நகருக்குள் புகுந்தது. தடுப்பணை ஹரியாணாவின் பொறுப்பில், நகரம் தில்லியின் பொறுப்பில். இரு அரசுகளும் ஒன்றையொன்று குற்றஞ்சாட்டிக்கொண்டிருந்த வேளையில், நீர் உச்ச நீதிமன்றத்தின் அருகே வரை வந்துவிட்டது.

பணம் இருக்கிறது; நிபந்தனை இல்லை

வழிகாட்டுதலுக்கும் நாட்டில் பஞ்சமில்லை. மும்பை வெள்ளத்தின் ஈரம் காயுமுன் 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறியது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் நகர வெள்ளத்துக்கென்றே தனி நெறிமுறைகளை வெளியிட்டது. 2019-ல் மத்திய நகர்ப்புற அமைச்சகம் மழைநீர் வடிகால் கையேட்டை வெளியிட்டது. 2015 சென்னை வெள்ளத்தை ஆராய்ந்த நாடாளுமன்ற உள்துறை நிலைக்குழு, 2016-ல் அளித்த அறிக்கையில் நீர்நிலை ஆக்கிரமிப்புகளைக் கண்டித்தது.

வெள்ளச் சமவெளியில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று வகுக்கும் மாதிரிச் சட்ட முன்வரைவை மத்திய அரசு 1975-லேயே மாநிலங்களுக்கு அனுப்பியது. அதையொட்டிச் சட்டம் இயற்றியவை மணிப்பூர், ராஜஸ்தான், உத்தரகண்ட், முந்தைய ஜம்மு-காஷ்மீர் மாநிலம் ஆகியவை. மகாராஷ்டிரம் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை, தமிழ்நாடும் இடம்பெறவில்லை. சட்டம் கேட்டால் மௌனம், நிதி கேட்டால் வரிசை என்பதே மாநிலங்களின் நிலை.

அந்த நிதியும் இப்போது வந்திருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு, ஏழு பெருநகரங்களின் வெள்ளத் தணிப்புக்காக 2,500 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்குத் தலா 500 கோடி. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்த சில நாள்களில், சென்னைக்கான 561 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. பணம் கொடுக்கும் கைக்கு நிபந்தனை விதிக்கும் உரிமையும் கடமையும் உண்டு.

நிபந்தனைகள் எளியவை. கடலில் கலக்கும் ஒவ்வொரு வடிகால் வாயின் மட்டத்தையும், அது எந்த ஓதத்தில் மூடிக்கொள்ளும் என்பதையும் மாநகராட்சி வெளியிட வேண்டும். தூர்வாரும் பணிக்கு முன்னும் பின்னும் ஆற்றின் குறுக்கு வெட்டு அளவீடு பொதுப்பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். ஒரு நீர்வழிக்கு, தொடக்கம் முதல் கடல் வரை, ஒரே பொறுப்பாளர் இருக்க வேண்டும். மீதமுள்ள அலையாத்திக் காடும் உப்பளமும் சதுப்பு நிலமும் 'காலி மனை' என்றல்லாமல் வெள்ளக் காப்புக் கட்டமைப்பு என்று பதிவு செய்யப்பட வேண்டும். அலையாத்திக் காடுகளை அழிப்பது வாழும் உரிமைக்கே எதிரானது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருப்பதால், இது புதிய கோரிக்கையும் அன்று. கரையோர ஏழைகளை அகற்ற வேண்டியிருந்தால், வேலையிடத்துக்கு எட்டும் தொலைவில், மேட்டு நிலத்தில் வீடு கொடுத்த பின்னரே அகற்ற வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மத்திய அரசு தன் நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். விமான நிலையம், ரயில்வே, உப்பளம் ஆகியவற்றின் வழியே செல்லும் நீர்வழிகளின் குறுகிய இடங்களைப் பட்டியலிட்டு, எதை எப்போது விரிவாக்கப்போகிறோம் என்று அவையில் தாக்கல் செய்யட்டும். அந்தப் பட்டியலுக்கு மாநிலப் பட்டியல் குறுக்கே நிற்காது.

பம்பும் மதகும் சுவரும் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடல் மட்டமும் மழையின் வேகமும் கூடிவரும் காலத்தில் அவை இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். ஆனால் பொறியியல் என்பது நீருக்கு இடம் ஒதுக்கிய பின் தொடங்க வேண்டிய வேலை. நீரின் இடத்தை விற்றுவிட்டுச் செய்யும் பரிகாரம் அன்று. அடுத்த கூட்டத்தொடரில் மும்பையைப் பற்றியோ சென்னையைப் பற்றியோ கேள்வி எழும்போது, 'இது மாநிலப் பொறுப்பு' என்ற ஒற்றை வரியோடு அமைச்சர் அமர உறுப்பினர்கள் அனுமதிக்கக்கூடாது. ஆற்றை வளைத்தவர்களுள் தில்லிக்கும் பங்குண்டு. நிமிர்த்துவதிலும் அந்தப் பங்கு இருந்தாக வேண்டும்.